கெர்னல் கம்பைலில் அர்ரே எல்லை எச்சரிக்கை வந்தால்: காரணத்தைப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் (கோடுக்கான திருத்தம்) அனுப்ப வருகிறவர்களில் பலர் கம்பைலர் எச்சரிக்கையில்தான் கை வைக்கிறார்கள். அதிலும் அர்ரே-பவுண்ட்ஸ் எச்சரிக்கை பார்க்க எளிதாக இருக்கும். கோப்பின் பெயர் இருக்கிறது, வரி எண் இருக்கிறது, நாலு இடம் உள்ள அர்ரேயில் ஐந்தாவதைத் தொடுகிறாய் என்று காரணம்கூட இருக்கிறது. நேரே அந்த வரிக்குப் போய் ஒரு இஃப் போட்டு, எச்சரிக்கை போய்விட்டது என்று அனுப்பிவிடுவார்கள். அந்தக் கோடுக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் ஒரே கேள்வி கேட்பார்: இந்த இண்டெக்ஸ் எப்படி 4 (0-இலிருந்து எண்ணுவதால் ஐந்தாவது இடம்) ஆகும்? பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஜிசிசி கம்பைலரை மனதில் வைத்து எழுதியது. இன்னொரு கம்பைலரான கிளாங் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். ஆப்ஷன், ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: அதே கெர்னல் கமிட், அதே கான்ஃபிக் கோப்பு, அதே கம்பைலர் பதிப்பு. தானியங்கி பில்ட் ரோபோ அனுப்பிய அறிக்கை என்றால் கான்ஃபிக்கை இணைப்பாக அனுப்பியிருக்கும், அல்லது இணைப்புச் சுட்டி கொடுத்திருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஆர்க்கிடெக்சர் என்றால் அதற்கான கிராஸ் கம்பைலரும் வேண்டும்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம், ஜிசிசி இந்த எச்சரிக்கையை சோர்ஸைப் படிக்கும்போது தருவதில்லை. ஓ2 நிலையில் ஃபங்ஷன்களை ஒன்றுக்குள் ஒன்று இன்லைன் செய்து (அழைக்கும் இடத்திலேயே அதன் கோடைப் பதித்து), ஒவ்வொரு மாறிக்கும் எந்த எண் முதல் எந்த எண் வரை வரலாம் என்று கணக்கிட்ட பிறகுதான் தருகிறது. கான்ஃபிக்கில் ஒரு ஆப்ஷன் மாறினால் இன்லைன் முடிவு மாறும். எச்சரிக்கை காணாமல் போகும். "எனக்கு வரவில்லையே" என்று புதியவர்கள் சொல்வதில் பாதி, லேப்டாப்பில் இருந்த கான்ஃபிக்கை வைத்து பில்ட் செய்ததால்தான்.

கிளாங்கின் கதை வேறு. அது பெரும்பாலும் சோர்ஸில் கண்ணுக்குத் தெரியும் மாறாத இண்டெக்ஸைத்தான் பார்க்கிறது. அதனால் கிளாங் இந்த எச்சரிக்கை தந்தால் பெரும்பாலும் அந்த வரியிலேயே விஷயம் இருக்கும். ஜிசிசி தந்தால் அந்த வரி வெறும் வாசல்.

பாஹோல் கருவியையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்டின் ஒவ்வொரு மெம்பரும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, நடுவில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று காட்டும். ஆறாவது படியில் அது இல்லாமல் நகர முடியாது.

2. எச்சரிக்கையை உங்கள் மெஷினில் வரவழையுங்கள்

வரவழைக்க முடியாத எச்சரிக்கையைச் சரிசெய்யப் போகாதீர்கள். சரியானதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது.

இங்கே ஒரு பொறி உண்டு. ஜிசிசி 12 வந்தபோது தவறான எச்சரிக்கைகள் கொட்டியதால், 2022-இல் அந்தப் பதிப்புக்கு இந்த எச்சரிக்கையைக் கெர்னலே அணைத்தது. பிறகு 11, 10 என்று கீழ்ப் பதிப்புகளுக்கும் அது நீண்டது. அதனால் இன்றைய கெர்னலை இன்றைய ஜிசிசியால் சாதாரணமாக பில்ட் செய்தால் ஒன்றுமே வராது. கான்ஃபிக்கில் சிசி-நோ-அர்ரே-பவுண்ட்ஸ் 'ஒய்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அணைந்திருக்கிறது என்று பொருள்.

அந்த கான்ஃபிக்கைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம். மேக் கட்டளையோடு கேசிஃப்ளாக்ஸ் மாறியில் அர்ரே-பவுண்ட்ஸ் ஃப்ளாகைக் கொடுங்கள். கேசிஃப்ளாக்ஸில் தருவது கம்பைலர் வரியின் கடைசியில் போய்ச் சேரும். முரண்படும் இரண்டு ஃப்ளாகில் கடைசியில் வருவதே செல்லும்.

முழுக் கெர்னலையும் பில்ட் செய்யாதீர்கள். சம்பந்தப்பட்ட சி கோப்பின் பெயரில் சி-க்குப் பதில் ஓ போட்டு அதை மட்டும் மேக்குக்குக் கொடுங்கள். ஏற்கெனவே பில்ட் ஆகியிருந்து, ஃப்ளாகும் மாறவில்லை என்றால் மேக் மறுபடி கம்பைல் செய்யாது. பழைய ஓ கோப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வி=1 சேர்த்து, முழுக் கம்பைலர் வரியையும் கண்ணால் பாருங்கள். உங்கள் ஃப்ளாக் உண்மையிலேயே கடைசியில் இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

டபிள்யூ=1 சேர்க்க வேண்டாம். வேறு நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவே இதைத் தேட வேண்டிவரும். ஆப்டிமைசேஷனைக் குறைத்துப் பார்க்கும் யோசனையும் வேண்டாம். ஓ0-வில் கெர்னல் பில்டே ஆகாது.

வந்த வெளியீட்டை முழுவதுமாக ஒரு கோப்பில் சேமியுங்கள். முதல் வரியை மட்டும் காப்பி செய்து வைப்பவர்கள் அடுத்த படியில் திணறுவார்கள்.

3. செய்தியைக் கீழிருந்து மேலே படியுங்கள்

எச்சரிக்கை ஒரு வரி இல்லை, ஒரு கொத்து. மேலே "இன் ஃபங்ஷன்" என்று ஒரு பெயர், அதன் கீழே "இன்லைன்ட் ஃப்ரம்" என்று ஒன்றோ ஆறோ வரிகள், அப்புறம் எச்சரிக்கை, கடைசியில் "நோட்" என்று ஒரு வரி. எல்லோரும் எச்சரிக்கை வரியில் நின்றுவிடுகிறார்கள். நான் நோட்டிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் எந்தப் பொருளின் எல்லையைத் தாண்டியதாகக் கம்பைலர் நினைக்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது.

ஒரு காகிதத்தில் நாலு விஷயம் எழுதுங்கள். எந்தப் பொருள் (எங்கே அறிவித்தது, அல்லது எந்த அலோகேட்டர் தந்தது). அதன் அளவு எத்தனை பைட். எத்தனையாவது பைட்டில் தொடுகிறோம். ஒரே தடவையில் எத்தனை பைட் தொடுகிறோம். இந்த நாலும் தெரியாமல் சோர்ஸைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு எச்சரிக்கையின் சொற்கள். "அபவ் அர்ரே பவுண்ட்ஸ் ஆஃப் இன்ட்[4]" என்றால் அர்ரேயின் வகையும் அளவும் கம்பைலருக்குத் தெளிவாகத் தெரியும். "பார்ட்லி அவுட்சைட்" என்றால் பொருளின் உள்ளே தொடங்கி வெளியே வழிகிறது. சின்ன இடத்தைப் பெரிய ஸ்ட்ரக்டாகப் பார்த்திருக்கிறீர்கள், ஏழாவது படிக்குப் போங்கள். பொருளின் அளவு பூஜ்யம் என்று வந்தால் அது பெரும்பாலும் அர்ரேயே இல்லை, எண்ணாக எழுதிய முகவரி; ஒன்பதாவது படி.

கடைசியாக, இன்லைன் சங்கிலி. அதில் இருப்பது ஒரு குறிப்பிட்ட அழைப்புப் பாதை. அந்தச் சின்ன ஹெல்பர் ஃபங்ஷனை நாற்பது இடத்தில் அழைத்திருக்கலாம். எச்சரிக்கை இந்த ஒரு பாதைக்கு மட்டும்தான். ஹெல்பரைத் திருத்தப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

4. நிஜப் பிழையா என்று முதலில் சோதியுங்கள்

"ஜிசிசி பொய் சொல்கிறது" என்ற முடிவோடு ஆரம்பிப்பது ஒரு கெட்ட பழக்கம். நிஜப் பிழைகளும் நிறைய வருகின்றன, அவற்றைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

லூப்பின் முடிவு நிபந்தனையில் 'குறைவு' என்பதற்குப் பதில் 'குறைவு அல்லது சமம்' இருக்கிறதா? ஈனமில் (பெயரிட்ட எண்களின் பட்டியலில்) புதிதாக ஒரு மதிப்பைச் சேர்த்துவிட்டு, அதை இண்டெக்ஸாகக் கொண்ட அர்ரேயை நீட்ட மறந்திருக்கிறார்களா? மைனஸ் 1 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பித் தரும் ஃபங்ஷனின் விடையைச் சரிபார்க்காமல் இண்டெக்ஸாகப் போட்டிருக்கிறார்களா? கடைசி வகையில் எச்சரிக்கை "பிலோ அர்ரே பவுண்ட்ஸ்" என்று வரும்.

எந்த வரியை எந்தக் கமிட் எழுதியது என்று காட்டும் கிட் பிளேம் போட்டு, அர்ரேயின் அளவை எழுதிய கமிட்டும் இண்டெக்ஸை எழுதிய கமிட்டும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறு ஆண்டுகளில் வேறு வேறு பேர் எழுதியிருந்தால் என் சந்தேகம் கூடும்.

5. பக்கத்து மெம்பருக்குள் வழியும் மெம்காப்பி

ஐபிவி4 ஹெடரில் அனுப்புநர் முகவரி 12-ஆவது பைட்டிலும் பெறுநர் முகவரி 16-ஆவது பைட்டிலும் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் 4 பைட். அடுத்தடுத்து இருப்பதால் இரண்டையும் ஒரே மெம்காப்பியில் 8 பைட்டாக நகலெடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஐபி-காப்பி-ஆட்ரஸ் என்ற கெர்னல் ஃபங்ஷனும் அப்படித்தான் இருந்தது. கம்பைலருக்கு நீங்கள் கொடுத்தது 4 பைட் மெம்பரின் முகவரி. எழுதச் சொன்னது 8 பைட். எச்சரிக்கை வந்ததும் 2021-இல் அதை இரண்டு நேரடி அசைன்மெண்ட்டாக மாற்றினார்கள்.

நினைவகத்தில் ஒன்றும் கெடவில்லை, அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பைலரால் இந்த வேண்டுமென்றே செய்த வழிதலையும் நிஜ வழிதலையும் பிரிக்க முடியாது. வேண்டுமென்றே செய்தவற்றை எல்லாம் நீக்கினால்தான் மிச்சம் வருவதை நம்பலாம்.

இரண்டு மூன்று மெம்பர் என்றால் நேரடி அசைன்மெண்ட் போதும். நிறைய மெம்பர் என்றால் ஸ்ட்ரக்ட்-குரூப் மேக்ரோ: தொடர்ச்சியான மெம்பர்களுக்கு ஒரு கூட்டுப் பெயர் தரும், பழைய தனிப் பெயர்களும் அப்படியே வேலை செய்யும். முதல் மெம்பரின் முகவரியை வாய்ட் பாயிண்டராக காஸ்ட் செய்து தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. காஸ்ட் போட்டாலும் அது எந்த மெம்பரின் முகவரி என்பது கம்பைலருக்குத் தெரியும். எச்சரிக்கை போகாது, படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

6. போலி ஃப்ளெக்சிபிள் அர்ரே

அதிக பேட்ச் வருவதும் அதிகம் கெடுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரக்டின் கடைசியில் நீளம் தெரியாத தரவு வரும்போது, பழைய கோடில் [1] என்றோ [0] என்றோ ஒரு அர்ரே வைத்துவிட்டு, தேவைக்கு அதிகமாக நினைவகம் எடுத்து அதற்கு அப்பால் எழுதுவார்கள். சி99-இல் இதற்கென்றே அளவில்லாத காலி அடைப்புக்குறி இருக்கிறது. கெர்னல் 6.5 முதல் ஸ்ட்ரிக்ட்-ஃப்ளெக்ஸ்-அர்ரேஸ் ஃப்ளாகை 3-ஆம் நிலையில் போட்டு பில்ட் செய்கிறது. காலி அடைப்புக்குறி மட்டுமே நீளக்கூடியது, [1] என்றால் ஒன்றுதான் என்று கம்பைலர் அப்போது எடுத்துக்கொள்ளும். அந்த ஃப்ளாகுக்கு ஜிசிசி 13 அல்லது கிளாங் 16 வேண்டும். ஒரே கோடுக்கு பழைய கெர்னலில் எச்சரிக்கை இல்லாமல் புதியதில் வருவதற்கு இது ஒரு காரணம்.

சரி, [1]-ஐ எடுத்துவிட்டு காலி அடைப்புக்குறி போட்டால் முடிந்ததா? இல்லை. ஸ்ட்ரக்டின் அளவைத் தரும் சைஸ்ஆஃப் மாறிவிடும்.

எண்ணிப் பார்ப்போம். 2 பைட் வகை, 2 பைட் நீளம், அடுத்து 4 பைட் எண்களின் அர்ரே [1]. ஸ்ட்ரக்டின் அளவு 8. மூன்று எண்கள் வேண்டுமென்றால் பழைய கோட் 'சைஸ்ஆஃப் + (3 - 1) × 4' என்று எழுதியிருக்கும்: 8 + 8 = 16. சரியான விடை. இப்போது காலி அடைப்புக்குறியாக மாற்றுங்கள். சைஸ்ஆஃப் 4 ஆகிவிட்டது. பழைய கணக்கைத் தொடாமல் விட்டால் 4 + 8 = 12. தேவை 16. எச்சரிக்கையைத் தீர்க்கப் போய் நாலு பைட் நிஜ வழிதலை உண்டாக்கிவிட்டீர்கள்.

நான் ஆரம்பத்தில் செய்த தப்பும் இதுதான். அலோகேஷனை எல்லாம் திருத்திவிட்டேன், ஆனால் சாதனத்துக்கு அனுப்பும் செய்தியின் நீளத்தை வேறொரு கோப்பில் சைஸ்ஆஃப் வைத்துக் கணக்கிட்டிருந்ததைப் பார்க்கவில்லை. ஃபர்ம்வேர் செய்தியை வாய் திறக்காமல் நிராகரித்தது. ஒரு நாள் போயிற்று.

ஆகவே வரிசை இப்படி: முதலில் அந்த ஸ்ட்ரக்டின் பெயரைக் கெர்னல் முழுக்க கிட் கிரெப் செய்யுங்கள். சைஸ்ஆஃப் போட்ட ஒவ்வொரு இடத்தையும், அந்த வகைப் பாயிண்டரின் முன் நட்சத்திரம் போட்டு சைஸ்ஆஃப் எடுத்த இடங்களையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் ஹெடரை மட்டும் குறிக்கிறதா, ஒரு உறுப்போடு சேர்த்துக் குறிக்கிறதா என்று முடிவு செய்யுங்கள். அதன் பிறகுதான் ஸ்ட்ரக்டைத் தொட வேண்டும். அலோகேஷன் கணக்குகளுக்கு ஸ்ட்ரக்ட்-சைஸ் மேக்ரோ போடுங்கள். பெருக்கல் வரம்பு மீறுவதையும் அது கவனித்துக்கொள்ளும்.

கம்பைலர் தானாகச் சேர்க்கும் வெற்றுப் பைட்டுகளான பேடிங் இன்னொரு குழி. 4 பைட் நீளம், அடுத்து ஒரு பைட் பெயர் அர்ரே [1] என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 பைட் என்று நினைப்போம். சைஸ்ஆஃப் 8 என்று வரும், கடைசி 3 பைட் பேடிங். காலி அடைப்புக்குறி போட்டதும் 4. ஒன்று குறைய வேண்டியது நாலு குறைகிறது. அந்த உபரி 3 பைட்டில் சரத்தின் முடிவு பூஜ்யத்தைத் தெரிந்தோ தெரியாமலோ வைத்திருந்த கோட் உண்டு. பாஹோலை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டி ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

யூசர் புரோகிராம்களும் பயன்படுத்தும் யூஏபிஐ ஹெடரில் ஸ்ட்ரக்ட் இருந்தால் அளவை மாற்றவே கூடாது. வெளியே எத்தனையோ யூசர் புரோகிராம்கள் அந்த சைஸ்ஆஃபை நம்பியிருக்கும். அங்கே பழைய [1] மெம்பரை அப்படியே வைத்து, ஒரு யூனியனுக்குள் டிக்ளேர்-ஃப்ளெக்ஸ்-அர்ரே மேக்ரோவால் புதிய பெயரில் நீளும் அர்ரேயைச் சேருங்கள். கெர்னல் உள்ளே புதிய பெயரைப் பயன்படுத்துங்கள்.

கையோடு, அர்ரேயின் எண்ணிக்கை எந்த மெம்பரில் இருக்கிறது என்று சொல்லும் கவுன்டட்-பை குறிப்பையும் சேர்க்கலாமே என்று சிலருக்கு ஆசை வரும். ஜிசிசி 15, கிளாங் 18 முதல் அது உண்டு, நல்ல விஷயம்தான். ஆனால் எண்ணிக்கை மெம்பருக்கு மதிப்பு போட்ட பிறகுதான் அர்ரேயைத் தொட வேண்டும். மெம்காப்பி முதலில், எண்ணிக்கை பிறகு என்றிருக்கும் கோடில் இதைச் சேர்த்தால், ஓடும்போது அர்ரேயின் நீளம் பூஜ்யமாகத் தெரிந்து, மெம்காப்பியின் அளவைச் சரிபார்க்கும் ஃபோர்டிஃபை-சோர்ஸ் கத்தும். தனி பேட்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. சின்ன இடத்தைப் பெரிய ஸ்ட்ரக்டாகப் பார்ப்பது

20 பைட் அலோகேட் செய்துவிட்டு, அதை 24 பைட் ஸ்ட்ரக்டின் பாயிண்டராக வைத்து, முதல் சில மெம்பர்களை மட்டும் தொடுவது. "கடைசி மெம்பரைத் தொடவே இல்லையே" என்பது வாதம். கம்பைலர் பார்வையில் அந்த இடத்தில் அந்த ஸ்ட்ரக்ட் முழுதாக இல்லை, அவ்வளவுதான். கெர்னல் 5.16 முதல், நினைவகம் எடுத்துத் தரும் கேமல்லாக் குடும்பத்துக்கு அலாக்-சைஸ் குறிப்பு இருப்பதால், எடுத்த அளவு கம்பைலருக்கு நேரடியாகத் தெரிகிறது.

தீர்வு இரண்டில் ஒன்று. நாலு பைட் அதிகம் எடுத்து முழு ஸ்ட்ரக்டையும் அலோகேட் செய்யுங்கள். அல்லது பொதுவான முன்பகுதியைத் தனி ஸ்ட்ரக்டாகப் பிரித்து, அந்த வகைப் பாயிண்டரை வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு சில பைட்தான் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

8. கம்பைலர் பிரித்த பாதை

எந்த இடத்திலும் பிழை தெரியவில்லை, எண்ணிக்கை சரி, ஆனால் எச்சரிக்கை வருகிறது. இங்கேதான் பலர் "ஜிசிசி பொய்" என்று எழுதுகிறார்கள். பாதி உண்மை.

ஸ்பார்க்ஸ்5 நெட்வொர்க் ஸ்விட்ச் டிரைவரில் வந்து, ஜிசிசி பிழைப்பதிவில் 109071 என்ற எண்ணில் இருக்கும் வழக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். நாலு உறுப்பு அர்ரே. ஒரு சின்ன இன்லைன் ஹெல்பர், இண்டெக்ஸ் 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு எச்சரிக்கை அச்சிட்டுவிட்டு, வேலையைத் தொடர்கிறது. அந்த ஹெல்பரை அடுத்தடுத்து இரண்டு முறை அழைக்கிறார்கள், நடுவே அர்ரேயிலிருந்து ஒரு உறுப்பைப் படிக்கிறார்கள்.

இன்லைன் ஆனதும் ஒரே சோதனை இரண்டு தடவை வருகிறது. முதல் சோதனையில் '4 அல்லது மேல்' என்று போனால் இரண்டாவதிலும் அப்படியே போகும் என்று கம்பைலருக்குத் தெரியும். அதனால் அந்தப் பாதையைத் தனியாக நகலெடுக்கிறது. ஜம்ப் த்ரெடிங் என்பது இதுதான். நகலெடுத்த பாதைக்குள் இண்டெக்ஸ் கண்டிப்பாக 4 அல்லது அதற்கு மேல். அங்கேயும் அர்ரே படிப்பு ஒன்று இருக்கிறது. எல்லைக்கு வெளியே என்று எச்சரிக்கை.

கவனியுங்கள்: கம்பைலர் கற்பனை செய்யவில்லை. "இண்டெக்ஸ் 4 ஆகலாம்" என்று அந்தக் கோடே சொல்கிறது, சொல்லிவிட்டு அர்ரேயையும் தொடுகிறது. என் கணக்கில் இது பொய் எச்சரிக்கை இல்லை, தனக்குத்தானே முரண்படும் கோட். அழைப்பவர் லூப் 0 முதல் 3 வரைதான் ஓடுகிறது என்பதால் நடைமுறையில் பாதிப்பில்லை. அது வேறு விஷயம்.

கண்டுபிடிக்கும் வழி: செய்தியில் உள்ள எண்ணை (இங்கே 4) எடுத்து, இன்லைன் சங்கிலியில் உள்ள எல்லா ஃபங்ஷனிலும் அந்த எண்ணோடு ஒப்பிடும் சோதனையைத் தேடுங்கள். வார்ன்-ஆன் (நிபந்தனை உண்மையானால் எச்சரிக்கை அச்சிடும் மேக்ரோ) போட்டுவிட்டு ரிட்டர்ன் இல்லாமல் தொடரும் இடம் கிடைத்தால் பெரும்பாலும் அதுதான்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, கேசிஃப்ளாக்ஸில் நோ-த்ரெட்-ஜம்ப்ஸ் ஃப்ளாகைச் சேர்த்து (ஜிசிசி 12 முதல்) ஓட்டிப் பாருங்கள். அல்லது ஹெல்பருக்குத் தற்காலிகமாக நோஇன்லைன் போட்டுப் பாருங்கள். மறைந்தால் இந்த வகை. ஆனால் எச்சரிக்கை மறைந்ததை வைத்து அது பொய் என்று முடிவு கட்டாதீர்கள். நிஜப் பிழையும் இன்லைனை நிறுத்தினால் மறையும். கம்பைலரின் கண்ணைக் கட்டினால் அதற்கு எதுவும் தெரியாது.

ஓடும்போது பிழை பிடிக்கக் கோடுக்குள் சோதனைகளைப் புகுத்தும் சானிடைசர்களும் இதே வேலையைச் செய்யும். அவற்றில் ஒன்றான யூபிசானின் ஷிஃப்ட் சோதனை, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் "எண் மிகப் பெரிதா?" என்று ஒரு கிளையைப் புகுத்துகிறது. அந்தக் கிளையில் எண் பெரிது என்று தெரிந்துவிடுவதால், அதே எண்ணை இண்டெக்ஸாகக் கொண்ட அர்ரேக்கு எச்சரிக்கை வரும். சோர்ஸில் எந்தச் சோதனையும் இல்லாமல் இந்த வகை வந்தால், கான்ஃபிக்கில் சானிடைசர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவை அணைத்தால் எது காரணம் என்று தெரியாது.

தீர்வு: தவறான இண்டெக்ஸ் வர வாய்ப்பிருந்தால், வார்ன்-ஆனை இஃபுக்குள் வைத்து ரிட்டர்ன் செய்யுங்கள். வரவே வராது என்று அழைப்பவர்கள் எல்லோரையும் பார்த்து உறுதி செய்திருந்தால், அந்தச் சோதனை எதற்கு என்று மெயின்டெய்னரிடம் கேளுங்கள். காரணம் சானிடைசர் மட்டும்தான் என்றால் கோடைத் தொடாமல் விடுவதே நல்லது.

9. எண்ணாக எழுதிய முகவரியும் லிங்கர் குறியீடும்

சில ஆர்க்கிடெக்சர்களில் ஒரு நிலையான எண்ணையே பாயிண்டராக மாற்றி ஹார்ட்வேரைத் தொடுவார்கள். ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390-இல் லோகோர் என்ற ஸ்ட்ரக்ட் வழக்கமாகப் பூஜ்ய முகவரியிலேயே இருக்கும். இவ்வளவு சிறிய முகவரியில் எந்தப் பொருளும் இருக்க முடியாது, நல் பாயிண்டரோடு எதையோ கூட்டியிருக்கிறார்கள் என்று ஜிசிசி எடுத்துக்கொண்டு, பூஜ்ய அளவு அர்ரே என்று புகார் சொல்லும். கெர்னலில் இதற்கு அப்சல்யூட்-பாயிண்டர் மேக்ரோ இருக்கிறது. ஜிசிசி 12 முதல் மின்-பேஜ்சைஸ் என்ற பாராமீட்டரைப் பூஜ்யமாக்கவும் முடியும். ஒரே இடம் என்றால் மேக்ரோ, ஆர்க்கிடெக்சர் முழுக்க என்றால் பாராமீட்டர்.

லிங்கர் ஸ்கிரிப்டில் வரும் தொடக்க, முடிவுக் குறியீடுகளை வெறும் கேர் மாறியாக அறிவித்தால், கம்பைலர் அதை ஒரு பைட் பொருள் என்று நினைக்கும். காலி அடைப்புக்குறியோடு அர்ரேயாக அறிவியுங்கள், முடிந்தது.

10. இன்னும் பிடிபடவில்லை என்றால் சுருக்குங்கள்

கோப்பின் பெயரில் சி-க்குப் பதில் ஐ போட்டு மேக்கை ஓட்டினால் பிரீபிராசஸ் ஆன ஒற்றைக் கோப்பு கிடைக்கும். கம்பைலர் வரி முழுவதும் ஓ கோப்பின் பக்கத்திலேயே புள்ளியில் தொடங்கி சிஎம்டி என்று முடியும் மறைகோப்பில் இருக்கும். இரண்டையும் எடுத்து வெளியே வைத்து, எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். பிறகு சி-வைஸ் கருவியிடம் கொடுத்தால் லட்சம் வரியை இருபது வரியாக்கித் தரும்.

ஒன்றில் மட்டும் கவனம்: சி-வைஸுக்கு உங்கள் கோடின் பொருள் தெரியாது. "எச்சரிக்கை வர வேண்டும்" என்று மட்டும் நிபந்தனை வைத்தால், நிஜமாகவே எல்லை மீறும் வேறொரு நிரலாக அதைச் சுருக்கி, சிரித்துக்கொண்டே தரும். அதே செய்தி வர வேண்டும், நோ-த்ரெட்-ஜம்ப்ஸ் போட்டால் வரக்கூடாது, கிளாங்கில் வரக்கூடாது என்று மூன்று நிபந்தனையாவது வையுங்கள்.

11. திருத்திய பிறகு சரிபார்ப்பது

எச்சரிக்கை வந்த கான்ஃபிக்கில் மறுபடி பில்ட் செய்யுங்கள். பிறகு முடிந்த எல்லாவற்றையும் மாட்யூலாக பில்ட் செய்யும் ஆல்மாட்கான்ஃபிக்கிலும், கிளாங்கிலும். ஹெடரைத் தொட்டிருந்தால் 32 பிட் ஆர்க்கிடெக்சர் ஒன்றிலும் கண்டிப்பாக. பாயிண்டர் அளவு மாறினால் பேடிங் மாறும்.

வகையை மட்டும் மாற்றிய பேட்ச் என்றால் மெஷின் கோட் மாறியிருக்கக் கூடாது. முன்னும் பின்னும் வந்த ஓ கோப்புகளை ஆப்ஜ்டம்ப் எடுத்து ஒப்பிடுங்கள். டீபக் தகவலை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு வரி கூடினாலும் அதற்குக் கீழே உள்ள வார்ன்-ஆன்களின் வரி எண் மாறும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். வேறு ஏதாவது மாறியிருந்தால், ஏன் என்று விளக்க முடிகிற வரை அனுப்பாதீர்கள்.

12. பேட்ச் விவரத்தில் எழுத வேண்டியது

எச்சரிக்கையை, இன்லைன் சங்கிலியும் நோட்டும் சேர்த்து, முழுதாக ஒட்டுங்கள். கம்பைலர் பதிப்பு, ஆர்க்கிடெக்சர், கான்ஃபிக்கில் முக்கியமானவை ஒரு வரியில். மூன்றாவது படியில் காகிதத்தில் எழுதிய நாலு விஷயத்தையும் இரண்டு வாக்கியமாக்குங்கள்: எந்தப் பொருள், எவ்வளவு பெரிது, எங்கே தொடுகிறோம், எத்தனை பைட். அதன் பிறகு, இது ஓடும்போது நிகழுமா நிகழாதா என்று உங்கள் முடிவு.

பிழையைக் கொண்டுவந்த கமிட்டைக் குறிக்கும் ஃபிக்ஸஸ் வரியை நிஜப் பிழைக்கு மட்டும் போடுங்கள். அந்த வரி இருந்தால் பழைய கெர்னல்களைப் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைகளுக்கு உங்கள் பேட்சை இழுத்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். [1]-ஐ மாற்றிய பேட்ச் ஒன்று, அதற்குத் துணையான சைஸ்ஆஃப் திருத்தம் இல்லாமல் பழைய கெர்னலுக்குப் போனால், அங்கே நாலு பைட் குறைவாக அலோகேட் ஆகும். அதைக் கண்டுபிடிக்க அங்கே எந்த எச்சரிக்கையும் வராது.